லண்டன் டவர் பிரிட்ஜ்: உள்ளே போய்ப் பார்ப்பதா, கரையில் நின்று பார்த்தால் போதுமா?

வைகைக்கரையான்:

அனைவருக்கும் வணக்கம். வருகிற கோடையில் அப்பாவை லண்டனுக்கு அழைத்துப் போகிறேன். அவர் தென்னக இரயில்வேயின் பாலப் பராமரிப்புப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அரண்மனை, மெழுகுச் சிலைக்கூடம், கடைத்தெரு எதிலும் அவருக்கு நாட்டமில்லை. தேம்ஸ் ஆற்றில் கப்பல் வரும்போது சாலைத் தளம் இரண்டாகப் பிரிந்து மேலெழும் டவர் பிரிட்ஜ் திறப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார். பாலத்தின் மேல் நடந்து போகக் கட்டணமில்லை என்பதும், கோபுரங்களுக்குள்ளும் எந்திர அறைகளுக்குள்ளும் போக நுழைவுச்சீட்டு வாங்க வேண்டும் என்பதும் தெரியும். அந்தச் சீட்டுக்குச் செலவிடும் பணம் தகுமா, அல்லது கரையில் ஓர் இடம் பிடித்து நின்று பார்த்துவிட்டுத் திரும்பினால் போதுமா? திறக்கும் நேரத்தை முன்கூட்டியே அறிய முடியுமா? எந்தக் கரையில் நிற்பது நல்லது? விரிவாகவே எழுதுங்கள், அப்பாவுக்கு அச்சிட்டுக் கொடுக்கப் போகிறேன்.

தேம்ஸ்கரைக் கந்தன்:

தம்பி, நான் இந்த ஊருக்கு வந்த காலம் தொட்டுக் கிழக்கு லண்டனில்தான் குடியிருக்கிறேன். பல ஆண்டுகள் 78 ஆம் இலக்கப் பேருந்தில் அந்தப் பாலத்தைக் கடந்துதான் வேலைக்குப் போய்வந்தேன். முதலில் நேரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பாலத்தின் இணையதளத்தில் எந்த நாளில், எத்தனை மணிக்கு, எந்தக் கப்பலுக்காக, அது ஆற்றின் மேற்புறம் போகிறதா கீழ்ப்புறம் போகிறதா என்ற விவரம் முழுவதும் வெளியிடப்படுகிறது. பாய்மரமோ மேற்கட்டோ சுமார் 9 மீட்டருக்குக் குறையாத உயரம் கொண்ட எந்தக் கலமும் 24 மணி நேரம் முன்னதாக அறிவித்தால் பாலத்தைத் திறந்துவிட வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. ஆண்டுக்கு ஏறத்தாழ 800 தடவை திறக்கிறார்கள். ஆனால் ஒரு நாளைக்கு இரண்டு என்று கணக்குப் போட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள். கோடையில் ஒரே நாளில் பல தடவை திறப்பார்கள். சில நாட்களில் ஒரு தடவைகூட இருக்காது. புறப்படும் நாள் காலையிலும் பட்டியலை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கே நிற்பது என்றால், படம் எடுப்பவர்களுக்குத் தென்கரையில் உள்ள பாட்டர்ஸ் ஃபீல்ட்ஸ் பூங்காதான் ஏற்ற இடம். இரண்டு கோபுரங்களும் முழுதாகத் தெரியும்; மாலை வெயில் பாலத்தின் மேற்கு முகத்தில் விழும். பாலங்களோடு பழகிய உங்கள் தந்தையாருக்கு நான் வேறோர் இடத்தைச் சொல்வேன். பாலத்தின் மேலேயே, நடைபாதையில், தடுப்புக் கதவுக்கு முன்னால் போய் நில்லுங்கள். சிறிது நேரத்துக்கு முன்பு பேருந்து ஓடிய தார்ச்சாலை, வெள்ளைக் கோடுகளோடு அப்படியே கண்முன்னே எழுந்து செங்குத்துச் சுவராக நிற்கும். கரையில் நின்று பார்ப்பவருக்கு அது அழகான காட்சி. சாலையில் நிற்பவருக்கு எவ்வளவு எடை நகர்கிறது என்பது விளங்கும்.

இன்னொன்று. அங்கே ஆற்றுக்குத்தான் முன்னுரிமை, சாலைக்கு இல்லை. 1997 இல் அமெரிக்க அதிபர் கிளின்டன் பிரதமர் பிளேரோடு மதிய உணவு அருந்திவிட்டுத் திரும்பியபோது, கிளாடிஸ் என்ற பழைய பாய்மரச் சரக்குப் படகுக்காகப் பாலம் திறக்கப்பட்டு, அவருடைய வாகன அணி இரண்டாகத் துண்டுபட்டு நின்றது. படகு குறித்த நேரத்துக்கு வந்தது, அதிபர்தான் தாமதமாக வந்தார்.

சம்மட்டி:

கந்தன் ஐயா சொன்னதோடு முழுதும் உடன்படுகிறேன். ஆனாலும் நுழைவுச்சீட்டை வாங்கிவிடுங்கள் என்பதே என் கருத்து. அதுவும் கோபுரங்களுக்காக அல்ல, தென்கரையில் பாலத்தின் அடியில் இருக்கும் எந்திர அறைகளுக்காக. வருகிறவர்களில் பெரும்பாலோர் மேலே கண்ணாடித் தளத்தில் காலை வைத்துப் படம் எடுத்துக்கொள்வதில் நேரத்தையெல்லாம் செலவழித்துவிட்டு, எந்திர அறைகளை அவசரமாகக் கடந்து நினைவுப்பொருள் கடைக்குப் போய்விடுகிறார்கள். உங்கள் அப்பா அதற்கு நேர்மாறாகச் செய்வார் என்று நினைக்கிறேன்.

1894 ஜூன் 30 அன்று பாலம் திறக்கப்பட்டபோது அதை இயக்கியது மின்சாரம் அல்ல, நேரடியாக நீராவியும் அல்ல. நிலக்கரியால் சூடேற்றிய கொதிகலன்களின் நீராவி எந்திரங்களை ஓட்டியது. எந்திரங்கள் தண்ணீரைச் சதுர அங்குலத்துக்கு 750 பவுண்டு அழுத்தத்தில் பம்பு செய்தன. அந்தத் தண்ணீர் பெரும் எடைகளை மேலே தூக்கி நிறுத்தியிருக்கும் ஆறு அக்குமுலேட்டர்களுக்குள் (அழுத்தத்தைச் சேமித்து வைக்கும் உருளைகளுக்குள்) போய்ச் சேர்ந்தது. கப்பல் வந்ததும் அந்த எடைகள் இறங்க, அழுத்தம் மிக்க தண்ணீர் குழாய்கள் வழியாகப் பாய்ந்து, கோபுரங்களின் அடியில் உள்ள எந்திரங்களைச் சுழற்றி, பல் சக்கரங்கள் வழியே பாலத் தளங்களை உயர்த்தியது. இந்த ஏற்பாட்டின் நயம் என்னவென்றால், கப்பல் வரும் நொடியில் நீராவி எந்திரம் தன் முழு வலிமையையும் காட்ட வேண்டிய தேவை இல்லை; இடைப்பட்ட நேரத்தில் சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்த ஆற்றலை ஒரு நிமிடத்தில் செலவழித்தால் போதும். நியூகாசிலைச் சேர்ந்த ஆம்ஸ்ட்ராங் நிறுவனத்தார் செய்து கொடுத்த இந்த ஏற்பாடு 1970களின் நடுப்பகுதி வரை வேலை செய்தது. பிறகு எண்ணெயும் மின்சாரமும் கொண்டு இயங்கும் ஹைட்ராலிக் (திரவ அழுத்த) முறைக்கு மாற்றினார்கள். 1942 இல், போரில் குண்டு விழுந்து எந்திரங்கள் பழுதாகிவிட்டால் கைகொடுக்க வேண்டும் என்று மூன்றாவது எந்திரம் ஒன்றைக்கூட நிறுவி வைத்திருந்தார்கள்.

ஒவ்வொரு தூக்குத் தளமும் 1,000 டன்னுக்கு மேல் எடை கொண்டது. அதன் குட்டையான பின்பகுதியில் 400 டன்னுக்கும் மேலான எதிர் எடை கட்டப்பட்டிருக்கிறது. தளம் மேலே எழும்போது அந்தப் பின்பகுதி, ஆற்றின் நடுவே நிற்கும் தூணுக்குள் இருக்கும் பெரிய செங்கல் குழிக்குள் இறங்கும். எடை இருபுறமும் சமன் செய்யப்பட்டிருப்பதால், எந்திரம் வெல்ல வேண்டியவை உராய்வும் காற்றின் எதிர்ப்பும் மட்டுமே. மிக அதிகமாக 86 பாகை வரை தூக்க முடியும். சாதாரணப் படகுகளுக்கு அவ்வளவு தேவைப்படுவதில்லை.

கல்தச்சன்:

எந்திரத்தைப் பற்றி நண்பர் சொன்னது அனைத்தும் சரி. ஆனால் அந்த எந்திரத்தை ஏன் ஒரு பொய்க் கோட்டைக்குள் ஒளித்து வைத்தார்கள் என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லையே! கட்டடக் கலைஞன் என்ற முறையில் எனக்கு அந்தப் பாலம் நெருடலாகவே இருக்கிறது. கார்ன்வால் கருங்கல்லும் போர்ட்லண்ட் கல்லும் வெறும் போர்வை. உள்ளே 11,000 டன் எஃகு நிற்கிறது. சுமையைத் தாங்குவது அந்த எலும்புக்கூடுதான். அந்த எஃகைச் செய்து பொருத்திய வில்லியம் ஆரலின் நிறுவனம் அதற்குச் சில ஆண்டுகள் முன்பு ஸ்காட்லாந்தில் ஃபோர்த் இரயில் பாலத்தைக் கட்டி முடித்திருந்தது. அங்கே எஃகு எஃகாகவே தெரிகிறது, எதையும் மறைக்கவில்லை. இங்கே 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த ஓர் எந்திரத்துக்கு இடைக்காலத்து வேடம் போட்டிருக்கிறார்கள். பாலம் திறந்த காலத்திலேயே கட்டடக் கலை இதழ்கள் இதைக் கடுமையாகச் சாடின. நகரின் சின்னமாகிவிட்டது என்பதற்காக ஒரு கட்டடத்தின் குறை குறையில்லாமல் போய்விடுமா?

ஏட்டுச்சுவடி:

கல்தச்சன் அவர்களுக்கு: குறையை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கல் எப்படி வந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

லண்டன் பாலம் என்ற வேறொரு பழைய பாலத்துக்குக் கிழக்கே ஆற்றைக் கடக்க ஒரு பாலம்கூட இல்லாத நிலையில் கிழக்கு லண்டனின் மக்கள்தொகை பெருகிக்கொண்டே போனது. 1870 இல் ஆற்றுக்கு அடியில் திறக்கப்பட்ட டவர் சப்வே என்ற குறுகலான சுரங்கத்தின் வழியாக அரைப் பென்னி கட்டணம் செலுத்தி ஆண்டுக்குச் சுமார் பத்து லட்சம் பேர் நடந்து போனார்கள் என்றால் தேவை எவ்வளவு பெரிது என்பது விளங்கும். (இலவசமான பாலம் வந்த பிறகு அந்தச் சுரங்கத்துக்குப் போக ஆளில்லாமல் 1898 இல் அதை மூடிவிட்டார்கள்.) மறுபுறம், லண்டன் பாலம் வரைக்கும் இருந்த படகுத்துறைகளுக்கு உயர்ந்த பாய்மரக் கப்பல்கள் வந்து போயின, தாழ்வான பாலம் கட்டினால் அந்த வணிகம் அழிந்துவிடும் என்று துறை முதலாளிகள் எதிர்த்தார்கள். 50க்கும் மேற்பட்ட வடிவமைப்புகள் வந்தன. நகரின் கழிவுநீர்க் கால்வாய்களை அமைத்துப் புகழ்பெற்ற ஜோசப் பசல்ஜெட் கொடுத்த வடிவம்கூடக் கப்பலுக்குப் போதிய உயரம் விடவில்லை என்று தள்ளுபடியானது. இறுதியில் நகரின் தலைமைக் கட்டடக் கலைஞர் ஹொரேஸ் ஜோன்ஸும் பொறியாளர் ஜான் உல்ஃப் பேரியும் சேர்ந்து கொடுத்த தூக்குப் பாலத்துக்கு 1885 இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி அனுமதி அளித்தது. பக்கத்திலேயே நிற்கும் டவர் கோட்டையோடு புதிய பாலம் இசைந்து போக வேண்டும் என்பதும் அப்போது வற்புறுத்தப்பட்டது. எனவே கோதிக் (இடைக்கால ஐரோப்பியக் கட்டடப் பாணி) வேடம் ஜோன்ஸின் தனி ஆசை அல்ல. அவர் 1887 லேயே இறந்துவிட்டார். அவர் நினைத்திருந்த செங்கல் முகப்பைக் கைவிட்டு இன்று காணும் கல் அலங்காரத்தைக் கொண்டுவந்தவர் அவருக்கு உதவியாளராக இருந்த ஜார்ஜ் ஸ்டீவன்சன். ஆற்றின் இன்னொரு வளைவில் நிற்கும் நாடாளுமன்றக் கட்டடமும் கோதிக்தான் என்பதையும், அதை வடிவமைத்த சார்லஸ் பேரியின் மகனே இந்த ஜான் உல்ஃப் பேரி என்பதையும் நினைவில் கொள்ளலாம்.

சம்மட்டி:

இந்த இடத்தில் எனக்குப் பிடித்த ஒரு செய்தியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கல்லும் எஃகும் வெப்பத்திலும் சுமையிலும் ஒரே அளவில் நகர்வதில்லை. கல் எஃகோடு ஒட்டிக்கொண்டால் எஃகு அசையும்போது கல் விரிசல் விடும். ஆகவே கட்டும்போதே எஃகுத் தூண்களைக் கித்தான் துணியால் மூடி, எஃகு அழுந்தி இறங்கக்கூடிய இடங்களில் இடைவெளியும் விட்டு, அதற்குப் பிறகே சுற்றிலும் கல்லை அடுக்கியிருக்கிறார்கள். கல்தச்சன் இதை வேடம் என்கிறார். வேடம் என்றே வைத்துக்கொள்வோம். அதை உடலில் ஒட்டாமல் தைத்துக் கொடுத்தவர்களும் பொறியாளர்கள்தான்.

மேலே இருக்கும் நடைபாதைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவை நடப்பதற்கு மட்டும் அமைந்தவை அல்ல. கரையையும் கோபுரத்தையும் இணைக்கும் இரு பக்கப் பகுதிகளும் தொங்கு பாலங்கள். அவை கோபுரங்களை வெளிப்புறமாகக் கரையை நோக்கி இழுக்கின்றன. அந்த இழுவிசையை ஒரு கோபுரத்திலிருந்து மறு கோபுரத்துக்கு எடுத்துச் சென்று சமன் செய்யும் கட்டுக்கம்பிகள் அந்த நடைபாதைகளின் ஊடாகத்தான் போகின்றன. ஆக, ஒரே பாலத்தில் தூக்குப் பாலமும் தொங்கு பாலமும் இருக்கின்றன. கோபுரத்தின் மேல் ஏறி நிற்கும்போது உங்கள் அப்பா இதைத்தான் முதலில் தேடுவார்.

கல்தச்சன்:

கித்தான் செய்தி எனக்குப் புதியது, நன்றி. ஆனாலும் என் கருத்தில் மாற்றமில்லை. வண்ணத்தைப் பாருங்கள்: தொடக்கத்தில் பாலத்தின் இரும்புப் பகுதிகள் பழுப்பு நிறத்தில் இருந்தன; இன்று எல்லோரும் படம் எடுக்கும் நீலமும் வெள்ளையும் 1977 இல் அரசியின் வெள்ளி விழாவுக்காகச் சிவப்பு, வெள்ளை, நீலம் பூசியதிலிருந்து தொடங்கியவை. பழமை என்று நாம் எண்ணிக்கொண்டிருப்பதில் எவ்வளவு அண்மைக்காலத்தது!

நிலாமுற்றம்:

நான் என் பிள்ளைகளோடு உள்ளே போய்ப் பார்த்தவள். எந்திரம் பற்றி எனக்கு அவ்வளவு தெரியாது, மேல் நடைபாதைகளைப் பற்றிச் சொல்கிறேன். அவை ஆற்று மட்டத்திலிருந்து 42 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. பாலம் திறந்திருக்கும்போதும் மக்கள் படியேறி மறுகரைக்குப் போகலாம் என்பதற்காகவே அவற்றைக் கட்டினார்கள். ஆனால் மக்கள் அவ்வளவு படி ஏறுவதைவிடக் கீழேயே நின்று கப்பல் போவதை வேடிக்கை பார்ப்பதையே விரும்பினார்கள். ஆளரவமற்றுப்போன நடைபாதைகளில் பிக்பாக்கெட் திருடர்களும் பாலியல் தொழிலாளர்களும் நடமாடத் தொடங்கியதால் 1910 இல் அவற்றை மூடிவிட்டார்கள். எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு, 1982 இல், கண்காட்சியாக மாற்றித் திரும்பத் திறந்தார்கள். கண்ணாடித் தளங்கள் 2014 இல் வந்தவை. கட்டியவர்கள் நினைத்துப் பார்த்த பயன் தோற்றுப்போய், அவர்கள் நினைத்தே பார்க்காத பயனால் அந்த நடைபாதைகள் இன்று பிழைத்துக்கொண்டிருக்கின்றன.

கண்ணாடித் தளத்தைச் சம்மட்டி ஐயா சற்று இளக்காரமாகச் சொல்லிவிட்டார். பாலம் திறக்கும் நேரத்தில் அந்தக் கண்ணாடியின் மேல் நின்றால், இரண்டு தளங்களும் நம் காலடியை நோக்கி எழுந்து வருவதும், பிளந்த இடைவெளியில் படகின் பாய்மர நுனி நகர்ந்து போவதும் தெரியும். அது கரையிலிருந்து யாருக்கும் கிடைக்காத கோணம். திறக்கும் நேரத்தைப் பார்த்து, அதற்குச் சற்று முன்னதாகவே உள்ளே போய்விடுங்கள். உயரம் ஒத்துக்கொள்ளாதவர்கள் கண்ணாடியை மிதிக்காமல் ஓரமாக நடந்து போகவும் இடம் இருக்கிறது. கோபுரத்தில் மின்தூக்கி இருப்பதால் அப்பா படி ஏற வேண்டும் என்ற கவலையும் வேண்டாம்.

வைகைக்கரையான்:

எல்லோருக்கும் நன்றி. இதுவரை வந்ததை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கித்தான் துணிச் செய்தியை மறுபடியும் படிக்கச் சொன்னார். அதற்குப் பிறகு ஒரு கேள்வி கேட்டார்: பாம்பனில் இருந்த பழைய தூக்குப் பாலமும் இரண்டு தளங்களாகப் பிரிந்து மேலெழுவதுதானே, அதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்கிறார். பதில் அவருக்கே தெரியும் என்று சந்தேகிக்கிறேன், உங்களைச் சோதிக்கிறார்.

சம்மட்டி:

சோதனைக்கு உட்படுகிறேன். டவர் பிரிட்ஜின் தளம் ஓர் அச்சில் பொருத்தப்பட்டு, அந்த அச்சு இருந்த இடத்திலேயே இருக்க, தளம் மட்டும் சுழன்று எழுகிறது. 1914 பிப்ரவரியில் திறக்கப்பட்ட பாம்பன் பாலம் ஷெர்சர் முறையில் அமைந்தது. அங்கே தளத்தின் அடிப்பகுதி வளைந்த விளிம்பு கொண்டது. எழும்போது அது பின்னோக்கி உருண்டு போகும். அதனால் கப்பல் வழி கூடுதலாகத் திறக்கிறது. எதிர் எடை இறங்குவதற்கு டவர் பிரிட்ஜில் உள்ளதுபோல் தூணுக்குள் பெருங்குழி தோண்ட வேண்டிய கட்டாயமும் இல்லை. கடலின் நடுவே அப்படி ஒரு குழி கட்டுவதை எண்ணிப் பாருங்கள். இன்னொரு வேறுபாடு, பாம்பனில் நீராவியும் இல்லை, தண்ணீர் அழுத்தமும் இல்லை. ஊழியர்கள் கையால் சுற்றித்தான் தளங்களைத் தூக்கினார்கள். 1964 டிசம்பர் புயல் பாலத்தின் பெரும்பாலான கர்டர்களைக் கடலில் தள்ளியபோதும் அந்தத் தூக்குப் பகுதி தப்பி நின்றது என்பதை உங்கள் அப்பாவுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கல்தச்சன்:

பாம்பனைப் பேச்சில் கொண்டுவந்தது நல்லதாயிற்று. என் அடுத்த கேள்விக்கு அது வழி விடுகிறது. பாம்பனில் புதிய செங்குத்துத் தூக்குப் பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. பழையது 2022 இறுதியிலேயே போக்குவரத்துக்கு மூடப்பட்டுவிட்டது. வேலை முடிந்ததும் ஓய்வு பெற்ற பாலம் அது. டவர் பிரிட்ஜ் என்ன செய்கிறது? திறந்த முதல் ஆண்டில் 6,000 தடவைக்கும் மேல் தூக்கப்பட்டது. இன்று சுமார் 800. படகுத்துறைகள் போய்விட்டன, சரக்குக் கப்பல்கள் கீழ்ப்பகுதித் துறைமுகங்களோடு நின்றுவிட்டன. இன்று அதன் கீழே போவது பெரும்பாலும் உல்லாசப் படகுகளும், பழைமையைப் போற்றுவோர் ஓட்டும் பாய்மரப் படகுகளும், எப்போதாவது ஒரு போர்க்கப்பலோ பயணிகள் கப்பலோதான். அவற்றுக்காக நகரத்தின் முக்கியமான சாலை ஒன்றை நிறுத்தி வைப்பது போக்குவரத்தா, கண்காட்சியா?

தேம்ஸ்கரைக் கந்தன்:

நிறுத்தி வைக்கப்பட்ட பேருந்துக்குள் உட்கார்ந்திருந்தவன் என்ற உரிமையில் பதில் சொல்கிறேன். வேலைக்குத் தாமதமாகும் நாளில் அந்தச் சிவப்பு விளக்கைச் சபித்திருக்கிறேன். சபிக்காத லண்டன்வாசி இருக்க முடியாது. 2020 ஆகஸ்டிலும் 2021 ஆகஸ்டிலும் தளங்கள் மேலேயே சிக்கிக்கொண்டு ஆற்றின் இருபுறமும் வாகனங்கள் மணிக்கணக்கில் தேங்கின. இவ்வளவுக்கும் பிறகு என் எண்ணம் இதுதான்: திறக்காமல் விட்டால் அது பாலமாக இருக்கும், டவர் பிரிட்ஜாக இருக்காது. சாலையையும் ஆற்றையும் ஒரே இடத்தில் கடத்திவிட வேண்டும் என்ற சிக்கலுக்காகப் பிறந்தது அது. ஆற்றின் உரிமையைச் சட்டம் இன்னும் எடுத்துவிடவில்லை. சிறு பாய்மரப் படகுக்காரர் ஒருவர் முறையாக அறிவித்துவிட்டால், ஒரு நாளில் கடந்து போகும் ஏறத்தாழ 40,000 பேரில் அந்த நேரத்தில் வருகிறவர்கள் அனைவரும் அவருக்காகக் காத்து நிற்க வேண்டும். எனக்கு இதில் கண்காட்சி தெரியவில்லை, முறை தெரிகிறது.

மேற்கொண்டு, இது அரசு வரிப்பணத்தில் நடப்பதும் அல்ல. லண்டன் பாலம், டவர் பிரிட்ஜ் உள்ளிட்ட ஐந்து பாலங்களைப் பல நூற்றாண்டுகளாகச் சேர்ந்த அறக்கட்டளைச் சொத்துகளின் வருமானத்திலிருந்து பராமரிக்கிறார்கள். பிரிட்ஜ் ஹவுஸ் எஸ்டேட்ஸ் என்று நெடுங்காலம் அழைக்கப்பட்ட அந்த அமைப்புக்கு இப்போது சிட்டி பிரிட்ஜ் பவுண்டேஷன் என்று பெயர். தம்பி கொடுக்கப் போகும் நுழைவுச்சீட்டுப் பணமும் அங்கேதான் போய்ச் சேரும்.

என் 78 ஆம் இலக்கப் பேருந்தின் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1952 டிசம்பர் 30 இரவு, ஆல்பர்ட் கன்டர் என்ற ஓட்டுநர் பாலத்தின் மேல் பேருந்தைச் செலுத்திக்கொண்டிருந்தபோது, எச்சரிக்கை இல்லாமலேயே தென்புறத் தளம் எழத் தொடங்கிவிட்டது. நிறுத்தினால் ஆற்றில் விழும் நிலை. அவர் வேகத்தைக் கூட்டி, இன்னும் எழாமல் கீழே இருந்த வடபுறத் தளத்தின் மேல் பேருந்தைத் தாவவிட்டார். பயணிகள் உயிர் தப்பினார்கள். அவருக்குப் பத்துப் பவுண்டு பரிசு கொடுத்தார்கள்.

கல்தச்சன்:

முறை என்ற சொல்லை ஏற்கிறேன், கல்லை ஏற்கவில்லை.

ஏட்டுச்சுவடி:

வைகைக்கரையான் அவர்களுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. டவர் ஹில் சுரங்க இரயில் நிலையத்தில் இறங்கினால் கோட்டையின் மதிலைச் சுற்றிக்கொண்டு பாலத்தின் வடமுனைக்கு வந்துவிடலாம். கோபுரங்களைப் பார்த்துவிட்டுத் தென்புறம் இறங்கியதும் நடைபாதையில் வரையப்பட்ட நீலக் கோட்டைப் பின்பற்றினால் எந்திர அறைகளுக்கு வழி தெரியும். ஒரே சீட்டு இரண்டுக்கும் செல்லும். எதிர் எடை இறங்கும் அந்தச் செங்கல் குழியைப் பார்க்க விரும்பினால் சாதாரணச் சீட்டு உதவாது. அது வழிகாட்டியோடு செல்லும் சிறப்புச் சுற்றுலாவில் மட்டுமே காட்டப்படுகிறது. அதற்கென்று தனியாக முன்பதிவு செய்ய வேண்டும்.

வைகைக்கரையான்:

அந்தக் குழியைப் பார்க்காமல் திரும்புவதில்லை என்று அப்பா சொல்லிவிட்டார். படி இறங்கும்போது முழங்கால் என்ன சொல்லும் என்று நான் கேட்டதற்கு, பாலத்தடியில் இறங்கிப் பழகிய முழங்கால்தான் என்று பதில் வந்தது. முன்பதிவைப் பார்த்துவிட்டு, அந்த நாளின் திறப்புப் பட்டியலோடு பொருத்தித் தேதியை முடிவு செய்கிறேன். அந்த நாட்களில் லண்டனில் இருப்பவர்கள் யாரேனும் எங்களோடு சேர்ந்துகொள்ள விரும்பினால் தனிமடலில் எழுதுங்கள். கல்தச்சன் ஐயாவும் வரலாம். கல்லின் பக்கம் திரும்பாமல் நிற்க ஓர் இடம் அப்பா பார்த்துக் கொடுப்பாராம்.